போன், ஐபேட், கவுன்ட்டர் கம்ப்யூட்டர் மூன்றுக்கும் ஒரே கோட்: தமிழில் பில் அடிக்கும் ஆப்புக்கு எது தாங்கும்?

#1 கல்லாப்பெட்டி

மொத்த மளிகைக் கடைகளுக்கான பில்லிங் ஆப். ஆர்டர் எடுக்கப் போகும் பையன்கள் கையில் ஆண்ட்ராய்டு போன். முதலாளி பார்க்க ஐபேட். கவுன்ட்டரில் விண்டோஸ் கம்ப்யூட்டர், அதில் 80 மிமீ தெர்மல் பிரிண்டர். போன்காரர்களிடம் 58 மிமீ புளூடூத் பிரிண்டர் உண்டு. நெட் இல்லாவிட்டாலும் பில் போட வேண்டும். சரக்குப் பெயர் எல்லாம் தமிழில்; 4,000 முதல் 6,000 ஐட்டம் வரை.

ஒரே கோடில் பல மெஷினுக்கு ஆப் செய்யும் கருவிகளான பிளட்டர், ரியாக்ட் நேட்டிவ், கோட்லின் மல்டிபிளாட்ஃபார்ம் மூன்றில் ஒன்று என்று வந்து நிற்கிறது. இரண்டு டெவலப்பர்கள். ஒருவருக்கு ஜாவாஸ்கிரிப்ட் கை வந்தது, இன்னொருவருக்கு கோட்லின். எதை எடுக்கலாம்? "எல்லாமே நல்லதுதான்" என்ற பதில் மட்டும் வேண்டாம்.

#2 நூல்கண்டு

டெவலப்பருக்கு எந்த மொழி தெரியும் என்பதைக் கடைசியில் வையுங்கள். பிளட்டரின் மொழியான டார்ட் இரண்டு வாரத்தில் கைக்கு வந்துவிடும். முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் பட்டியலிலேயே மட்டமான மெஷின் எது, அதில் என்ன சொருகியிருக்கிறது என்பதைத்தான். ஸ்கிரீனில் பட்டன் வரைவதில் மூன்றும் தேறிவிடும். பிரிண்டர், ஸ்கேனர், பழைய விண்டோஸ், தமிழ் எழுத்து, இந்த நாலு ஓரத்தில்தான் ஒன்று நிற்கும், ஒன்று கவிழும்.

கவுன்ட்டர் கம்ப்யூட்டர்களில் இரண்டைக் கேட்டு வாங்குங்கள்: விண்டோஸ் எந்தப் பதிப்பு, 32 பிட்டா 64 பிட்டா. பிளட்டருக்கு விண்டோஸ் 10ம் அதற்கு மேலும், 64 பிட் மட்டும். 32 பிட்டுக்கு பில்டே கிடையாது; ஏதாவது செட்டிங் மாற்றினால் வரும் என்று தேடி நாளை வீணாக்காதீர்கள். இதே வேலைக்கான மற்றக் கருவிகளில் டாட்நெட் மவ்யியும் விண்டோஸ் 10 தான். க்யூட் 6ம் அப்படியே. விண்டோஸ் 7 இருந்தால் மிச்சம் இருப்பது க்யூட் 5.15, அல்லது எலெக்ட்ரான் 22 (விண்டோஸ் 7, 8ஐ ஆதரித்த கடைசிப் பதிப்பு அதுதான்). இரண்டும் பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன பழைய சரக்கு. காசு புழங்கும் கம்ப்யூட்டரில் அதை வைப்பதைவிட, அந்தக் கடைக்கு மெஷினை மாற்றச் சொல்வது மலிவு.

#3 பாலம்

ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்த ஆள் இருக்கும்போது ரியாக்ட் நேட்டிவைத் தள்ளிவிட வேண்டாம். 2015ல் வந்த காலத்து "பிரிட்ஜ் நெரிசல்" பேச்சை இன்னும் பலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 0.76ல் (அக்டோபர் 2024) புதிய ஆர்க்கிடெக்சர்தான் டீஃபால்ட். ஜேஎஸ்ஐ என்ற இணைப்பு வழியாக நேட்டிவ் ஃபங்ஷனை (அந்தந்த மெஷினின் சொந்தக் கோடை) நேரடியாகவே கூப்பிடலாம். எல்லாவற்றையும் ஜேசான் ஆக்கி அந்தப் பக்கம் தள்ளும் வேலை போய்விட்டது. ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் ஹெர்மிஸ் எஞ்சின் 0.70லிருந்தே டீஃபால்ட், பைட்கோடை பில்டிலேயே தயார் செய்துவிடுவதால் 3 ஜிபி ரேம் போனிலும் ஆப் சீக்கிரம் திறக்கும்.

பில்லிங் ஆப்புக்கு இதில் பெரிய லாபம் ஓடிஏ அப்டேட். வரிவிகிதம் மாறியது, ரவுண்டிங்கில் பிழை என்றால் ஸ்டோர் ரிவ்யூவுக்குக் காத்திராமல் ஜேஎஸ் பண்டிலை மட்டும் அனுப்பலாம். இதற்கென்று இருந்த கோட்புஷ் சேவையை நம்பி யாரும் இறங்காதீர்கள், அது இருந்த ஆப் சென்டரை 31 மார்ச் 2025ல் மூடிவிட்டார்கள். இப்போது எக்ஸ்போ அப்டேட்ஸ். அதில் ஒரு பொறி இருக்கிறது: புது பண்டில், பழைய பைனரியில் இல்லாத நேட்டிவ் மாட்யூலைக் கூப்பிட்டால் ஆப் திறந்தவுடனே விழும். ரன்டைம் வெர்ஷன் பாலிசியை "ஃபிங்கர்பிரின்ட்" என்று வையுங்கள். நேட்டிவ் பக்கம் ஏதாவது மாறியிருந்தால் அந்த அப்டேட் பழைய பைனரிக்குப் போகாது.

பலவீனம் விண்டோஸ், ஒளிக்கவில்லை. ஆண்ட்ராய்டும் ஐஓஎஸ்ஸும் மெட்டாவின் மூல ரெப்போவில் இருக்கின்றன. விண்டோஸும் மேக்கும் மைக்ரோசாஃப்ட் நடத்தும் தனி ரெப்போ. நீங்கள் எடுக்கும் லைப்ரரிகளில் விண்டோஸ் பக்கம் எழுதப்பட்டவை கொஞ்சம்தான். பிரிண்டர், லோக்கல் டேட்டாபேஸ், ஃபைல் தேர்வு என்று மூன்று மாட்யூலையாவது சி++ல் நீங்களே எழுத வேண்டி வரலாம்.

#4 கல்லாப்பெட்டி

@நூல்கண்டு எல்லாம் விண்டோஸ் 10, 64 பிட். ஒரே ஒரு கடையில் 7. அதை மாற்றச் சொல்லிவிடலாம்.

@பாலம் கவுன்ட்டர்தான் இதில் முக்கியம், முக்கால்வாசி பில் அங்கேதான். சி++ ஆள் இல்லை.

இன்னொன்று: சோதனைக்குப் போட்ட பில்லில் ஆங்கிலம் வருகிறது, தமிழ் வரவேண்டிய இடத்தில் கேள்விக்குறியும் சீன எழுத்தும் வருகிறது. அது பிரிண்டர் கோளாறா, ஆப் கோளாறா?

#5 சுருள்தாள்

இரண்டும் இல்லை. இஎஸ்சி/பிஓஎஸ் (பில் பிரிண்டர்களின் கட்டளை மொழி) பிரிண்டர் உள்ளே இருப்பது ஒற்றை பைட் கோட்பேஜ்கள் (எழுத்துக்கு ஒரு பைட் என்ற அட்டவணைகள்), சீன பிரிண்டர் என்றால் கூடவே ஒரு சீன எழுத்துத்தொகுதி. நீங்கள் அனுப்பும் யுடிஎஃப்-8ல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். அந்த மூன்றையும் பிரிண்டர் தன் இஷ்டத்துக்குப் படிக்கிறது. உள்ளே தமிழ் ஃபான்ட் இருந்திருந்தாலும் பயனில்லை. "கொ" என்றால் கொம்பை முன்னால் போட்டு, காலைப் பின்னால் போட்டு, நடுவில் ககரத்தை வைக்கும் ஷேப்பிங் வேலையை அந்தச் சில்லு செய்யாது.

ஆகவே பில்லைப் படமாக வரைந்து அனுப்புங்கள். எந்த ஃப்ரேம்வொர்க் எடுத்தாலும் இதே வழிதான். படி இப்படி:

அகலம் முதலில். இந்த பிரிண்டர்கள் 203 டிபிஐ, அதாவது மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. 58 மிமீ தாளில் அடிக்கக்கூடிய அகலம் 48 மிமீ, 384 புள்ளி. 80 மிமீ தாளில் 72 மிமீ, 576 புள்ளி. இந்த எண்ணிலேயே நேரடியாக வரையுங்கள். போன் ஸ்கிரீனில் தெரியும் விட்ஜெட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சுருக்கினால் புள்ளி மெலிந்து "ண" எது "ன" எது என்று கடைக்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருக்கும்.

பிளட்டரில் டெக்ஸ்ட்பெயின்டர் கொண்டு ஒரு கேன்வாஸில் எழுதி, பிக்சராக்கி, டூஇமேஜ் கூப்பிட்டு, ரா ஆர்ஜிபிஏ பைட்டுகளாக வாங்குங்கள். இங்கே புதியவர்கள் எல்லாரும் விழும் குழி ஒன்று: கேன்வாஸ் காலியாக இருந்தால் அது வெள்ளை அல்ல, ஒளி ஊடுருவும் கறுப்பு. ஆர்ஜிபி மூன்றும் 0. அப்படியே கறுப்பு வெள்ளையாக்கினால் முழுத் தாளும் கறுப்பாக ஓடி, ஹெட் சூடேறிப் பாதியில் நிற்கும். முதலில் வெள்ளைச் செவ்வகம் ஒன்று வரைந்துவிட்டு எழுத ஆரம்பியுங்கள்.

ஃபான்ட்டை ஆப்புக்குள்ளேயே வையுங்கள். வைக்காவிட்டால் விண்டோஸ் நிர்மலா யுஐ எடுக்கும், ஆண்ட்ராய்டு நோட்டோ சான்ஸ் தமிழ், ஐபேட் தமிழ் சங்கம் எம்என். மூன்றுக்கும் அகலம் வேறு, ஒரே பில் மூன்று நீளத்தில் வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் திறந்த லைசென்ஸ்தான், செமிபோல்ட் கோப்பை எடுங்கள். ரெகுலரில் மெல்லிய கோடுகள் சாம்பல் நிறத்தில் வந்து, பாதி வெளிச்சத்தில் வெட்டும்போது காணாமல் போகும். 24 புள்ளிக்குக் கீழே எழுத்தைக் குறைக்காதீர்கள். வரி உயரத்தை 1.0 என்று இறுக்கினால் "ழூ", "கீ" தலையோ காலோ வெட்டுப்படும், 1.3 வையுங்கள்.

பிறகு 8 புள்ளிக்கு ஒரு பைட்டாக அடுக்குங்கள். கறுப்பு 1, வெள்ளை 0, இடது ஓரப் புள்ளி பைட்டின் உயர்ந்த பிட்டில். கட்டளை தசம எண்ணில்: 29 118 48 0, அடுத்து அகலம் இரண்டு பைட், உயரம் இரண்டு பைட் (சிறிய பைட் முதலில்), அதன் பின் படம். எப்சன் இந்தக் கட்டளையைப் பழையது என்று ஒதுக்கிவிட்டது. ஆனால் மலிவு பிரிண்டர்கள் பெரும்பாலும் புரிந்துகொள்வது இதைத்தான். எல்லாவற்றுக்கும் முன்னால் 27 64 அனுப்பிப் பழைய நிலையைத் துடையுங்கள். முடிந்ததும் 27 100 3 மூன்று வரி தள்ளும். 29 86 66 0 தாளை வெட்டும். கல்லா திறக்க 27 112 0 25 250.

அனுப்பும் வழி மெஷினுக்கு மெஷின் வேறு. விண்டோஸில் வின்ஸ்பூல் என்ற பிரிண்ட் வசதி: பிரிண்டரைத் திறந்து, டாக்குமென்ட் டேட்டாடைப்பை "ரா" என்று கொடுத்து, பைட்டுகளை எழுதுங்கள். டார்ட்டிலிருந்து எஃப்எஃப்ஐ வழியாக நேராகக் கூப்பிடலாம், சி++ ஒரு வரி எழுத வேண்டாம். ஆண்ட்ராய்டில் கிளாசிக் புளூடூத், சீரியல் ப்ரொஃபைல். ஆண்ட்ராய்டு 12 முதல் புளூடூத் கனெக்ட் அனுமதியை ஆப் ஓடும்போது கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் செக்யூரிட்டி எக்ஸெப்ஷன். ஐபேட்தான் வில்லங்கம். ஆப்பிளின் எம்எஃப்ஐ சான்று இல்லாத கிளாசிக் புளூடூத் பிரிண்டரோடு ஐஓஎஸ் ஆப் பேசவே முடியாது. பிஎல்இ (குறைந்த மின்சார புளூடூத்) உள்ள மாடல் வாங்குங்கள், அல்லது லேன் பிரிண்டருக்கு 9100 போர்ட்டில் அனுப்புங்கள். பிளட்டர் புளூ பிளஸ் போன்ற பேக்கேஜ்கள் பிஎல்இக்கு மட்டும். கிளாசிக் பிரிண்டரை அதில் தேடிவிட்டு "ஸ்கேனில் வரவில்லை" என்று கேட்கும் இழைகள் கணக்கில்லை.

#6 பாலம்

@சுருள்தாள் வரைவது ரியாக்ட் நேட்டிவிலும் முடியும் என்று பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன். ரியாக்ட் நேட்டிவ் ஸ்கியாவில் பாராகிராஃப் ஏபிஐ இருக்கிறது, ஸ்கிரீனுக்கு வெளியே வரைந்து பிக்சலை வாங்கலாம். ஆனால் விண்டோஸ் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கவுன்ட்டர் முக்கியம், சி++ ஆள் இல்லை என்றால் நானும் பிளட்டர் பக்கம் சாய்கிறேன்.

#7 அகரமுதலி

பிரிண்ட் ஆயிற்று. 6,000 ஐட்டத்தை வரிசைப்படுத்தும்போது அடுத்த அடி விழும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

டார்ட்டின் கம்பேர்டூ, எஸ்கியூலைட்டின் டீஃபால்ட் வரிசை இரண்டும் தமிழ் எழுத்துகளை யூனிகோட் எண் வரிசையில் அடுக்கும். நம் அகரவரிசை அது அல்ல. யூனிகோடில் ன என்பது ந-வுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது. ற, ர-வுக்குப் பின்னால். வ-வோ ள, ழ தாண்டி வருகிறது. ஆகவே "மனை" முன்னாலும் "மரம்" பின்னாலும் வரும். "களி" முன்னால், "கவர்" பின்னால். புள்ளியின் எண் எல்லா எழுத்துக்கும் பெரியது என்பதால் "பகல்" வந்த பிறகே "பக்கம்" வரும். அகராதி பார்த்துப் பழகியவருக்கு இது முழுக்கத் தலைகீழ்.

ஐசியு என்ற யூனிகோட் நூலகத்தின் தமிழ் கொலேஷன் (வரிசைப்படுத்தும் விதி) சரியாகச் செய்யும். ஆண்ட்ராய்டிலும் ஐஓஎஸ்ஸிலும் சிஸ்டத்திலேயே கிடைக்கும், ஜாவா ஓடும் ஜேவிஎம்மில் ஐசியு4ஜே சேர்த்தால் கிடைக்கும். டார்ட்டோடு அது வருவதில்லை. ஒவ்வொரு மெஷினிலும் ஒவ்வொரு கொலேட்டரை நம்புவதைவிட, வரிசைச் சாவி ஒன்றை நீங்களே செய்து டேபிளில் தனிக் காலமாக வைத்து இன்டெக்ஸ் போடுவது மேல். எழுத்துக்கு நாலு இலக்கம். முதல் இரண்டு மெய்யின் இடம்: க 01, ங 02 என்று தொடங்கி ன 18. ஜ ஶ ஷ ஸ ஹ 19 முதல் 23. அடுத்த இரண்டு உயிரின் இடம்: புள்ளி 00, அ 01, ஔ 12. தனி உயிருக்கு முதல் இரண்டும் 00, ஆய்தம் 0013. "மரம்" 1001 1201 1000. "மனை" 1001 1809. இதைச் சாதாரண டெக்ஸ்ட்டாகவே ஒப்பிட்டால் போதும், மூன்று மெஷினிலும் ஒரே வரிசை. க்ஷ தானாக க், ஷ என்று பிரிந்துபோகும், அதற்குத் தனி இடம் வேண்டாம்.

சாவி செய்யும் முன் நார்மலைஸ் செய்ய மறக்காதீர்கள். "கொ" இரண்டு விதமாக வரலாம்: க + ொ என்று இரண்டு குறி, அல்லது க + ெ + ா என்று மூன்று. கண்ணுக்கு ஒன்றே, தேடினால் கிடைக்காது. பழைய எக்செல்லிலிருந்து சரக்குப் பட்டியலை ஏற்றும்போது இரண்டும் கலந்து வரும். என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோட் வடிவம்) வடிவத்துக்கு மாற்றிய பிறகே சேமியுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் நார்மலைஸ் மொழியிலேயே இருக்கிறது. டார்ட்டில் பேக்கேஜ் சேர்க்க வேண்டும். கோட்லினின் பொதுப் பகுதியில் கிடையாது. ஆண்ட்ராய்டுக்கும் ஐஓஎஸ்ஸுக்கும் தனித்தனியாக எக்ஸ்பெக்ட்/ஆக்சுவல் எழுத வேண்டும்.

எழுத்து எண்ணிக்கையிலும் கவனம். "தேங்காய்" நமக்கு 4 எழுத்து. டார்ட்டின் லெங்த் 8 என்று சொல்லும். பெயரை 20க்கு மேல் வெட்டு என்று சப்ஸ்ட்ரிங் போட்டால் ஒரு நாள் புள்ளியோ கொம்போ தனியே தொங்கும். கேரக்டர்ஸ் பேக்கேஜ் எழுத்து எல்லையில் வெட்டும். ஹெர்மிஸில் எழுத்து எல்லை பிரிக்கும் இன்டில் செக்மென்டர் இல்லை, ரியாக்ட் நேட்டிவ் என்றால் தனி லைப்ரரி. பில்லில் பத்தியை இடைவெளி நிரப்பி நேராக்கும் பழைய பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அது எல்லா எழுத்தும் ஒரே அகலம் உள்ள ஆங்கில பில்லுக்கு. படம்தானே வரைகிறீர்கள், ஒவ்வொரு பத்திக்கும் பிக்சல் இடம் வைத்து எழுதுங்கள்.

#8 இருமுனை

கோட்லின் தெரிந்த ஆள் இருக்கிறாரே, கோட்லின் மல்டிபிளாட்ஃபார்மை யாருமே தொடவில்லை. நவம்பர் 2023லேயே ஸ்டேபிள். அதன் யுஐ கருவியான கம்போஸ் மல்டிபிளாட்ஃபார்ம் ஐஓஎஸ்ஸுக்கு மே 2025ல் ஸ்டேபிள். கூகுளே 2024 ஐஓ மாநாட்டில் பிசினஸ் லாஜிக் பகிர இதைத்தான் பரிந்துரைத்தது. ரூம் டேட்டாபேஸும் இப்போது மல்டிபிளாட்ஃபார்ம். விண்டோஸில் ஜேவிஎம் மேல் ஓடுவதால் ஜாவா உலகத்தின் முப்பது வருடச் சரக்கு அத்தனையும் கையில், அகரமுதலி சொன்ன ஐசியு4ஜே உட்பட.

#9 நூல்கண்டு

@இருமுனை அது நல்ல கருவி, மறுக்கவில்லை. ஆண்ட்ராய்டு ஆப் ஏற்கெனவே கோட்லினில் இருந்து, ஐஓஎஸ்ஸுக்கு நீட்ட வேண்டும் என்றால் அதைத்தான் சொல்வேன். இங்கே வெற்றுத் தரையிலிருந்து மூன்று வகை மெஷின், இரண்டே ஆள்.

ஐஓஎஸ் பக்கம் யுஐயை ஸ்விஃப்டில் எழுதினால் கோட்லின் கோட் ஆப்ஜெக்டிவ்-சி ஹெடர் வழியாகத்தான் தெரியும். சீல்டு கிளாஸ் வெறும் கிளாஸாகத் தெரியும், ஸ்விட்ச்சில் எல்லா வகையும் வந்ததா என்று கம்பைலர் பார்க்காது. டீஃபால்ட் ஆர்குமென்ட் காணாமல் போகும். எக்ஸெப்ஷனை த்ரோஸ் என்று குறிக்காமல் விட்டால் ஸ்விஃப்ட் பக்கம் பிடிக்க முடியாமல் ஆப் விழும். ஸ்கை என்ற பிளகின் இவற்றில் பாதியைச் சரிசெய்கிறது. யுஐயையும் கம்போஸில் எழுதினால் இந்தத் தொல்லை குறையும். விண்டோஸ் இன்ஸ்டாலருக்குள் ஒரு ஜாவா ரன்டைமை மூட்டை கட்ட வேண்டும். ஜேபேக்கேஜ் விக்ஸ் டூல்செட் கேட்கும், விண்டோஸ் மெஷினில்தான் பில்ட் ஆகும். கடைசியாகச் சொன்னது பிளட்டருக்கும் பொருந்தும்.

#10 வாசற்படி

இவ்வளவு எதற்கு? வெப் ஆப்பாகப் போட்டு பிடபிள்யூஏ (பிரவுசரிலிருந்தே நிறுவும் ஆப்) ஆக்கினால் ஒரே கோட், ஸ்டோரே வேண்டாமே.

#11 சுருள்தாள்

@வாசற்படி பிரிண்டருக்கு நேராக பைட் அனுப்ப மூன்று மெஷினிலும் பிரவுசருக்கு வழி இல்லை, அதோடு முடிந்தது. சஃபாரியில் வெப் புளூடூத் இல்லை, ஐபேட் போச்சு. குரோமில் வெப்யுஎஸ்பி உண்டு. ஆனால் விண்டோஸ் தன் பிரிண்டர் டிரைவரை அந்தச் சாதனத்தில் மாட்டிவைத்திருக்கும். வின்யுஎஸ்பிக்கு மாற்றினால்தான் கிடைக்கும், மாற்றினால் மற்ற சாஃப்ட்வேரிலிருந்து பிரிண்ட் வராது. கவுன்ட்டரில் சின்னதாக ஒரு லோக்கல் சர்வர் வைத்து அதன் வழியாக அனுப்புகிறவர்கள் உண்டு. அப்போது வெப் ஆப் ஒன்று, சர்வர் ஒன்று என்று இரண்டைப் பராமரிக்க வேண்டும்.

பிளட்டரையே வெப்புக்கும் பில்ட் செய்து முதலாளிக்கு ரிப்போர்ட் பக்கம் கொடுக்கலாம் என்று தோன்றும். தமிழ் ஃபான்ட்டைச் சேர்க்காவிட்டால் அது கூகுளின் சர்வரிலிருந்து நோட்டோவை இறக்கும் வரை கட்டம் கட்டமாகத் தெரியும். இன்னொன்று, வெப்பில் டார்ட்டின் இன்ட் ஜாவாஸ்கிரிப்ட் எண்ணாக மாறுகிறது. 2ன் 53ம் அடுக்குக்கு மேல் துல்லியம் போகும். பில் ஐடியை 64 பிட் எண்ணாக வைத்தால் போனில் ஒன்று, வெப்பில் ஒன்று. ஐடியை டெக்ஸ்ட்டாக வையுங்கள். பணத்தைப் பைசாவில் முழு எண்ணாக வையுங்கள்.

#12 கட்டுமானம்

கோட் எழுதியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். வெளியே அனுப்பும்போது வருவது இவை.

16 கேபி பக்க அளவு. ஆண்ட்ராய்டு 15ஐ டார்கெட் செய்யும் ஆப்பும் அப்டேட்டும் 16 கேபி மெமரி பக்கத்துக்கு இணங்க வேண்டும் என்பது 1 நவம்பர் 2025 முதல் பிளே ஸ்டோர் விதி. தூய கோட்லின் ஆப்புக்கு இது பெரும்பாலும் ஒன்றுமில்லை. பிளட்டரும் ரியாக்ட் நேட்டிவும் எஞ்சினையே எஸ்ஓ (கம்பைல் செய்த நேட்டிவ் லைப்ரரி) கோப்பாகக் கொண்டுவருபவை, தப்பவே முடியாது. ரியாக்ட் நேட்டிவில் 0.77 முதல் சரி. பிளட்டரில் புதிய ஸ்டேபிள் எடுத்தால் சரி. மாட்டிக்கொள்வது யாரோ நாலு வருடம் முன்பு கம்பைல் செய்து பிளகினுக்குள் வைத்த எஸ்ஓ: பார்கோட் ஸ்கேனர், என்கிரிப்ட் செய்த டேட்டாபேஸ், பிடிஎஃப் வியூவர். ஏபிகேயைப் பிரித்து ஒவ்வொரு எஸ்ஓவையும் எல்எல்விஎம் ஆப்ஜ்டம்பில் போட்டு லோட் வரிகளைப் பாருங்கள். அலைன் 2**14 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 2**12 என்று வந்தால் அதுதான் குற்றவாளி. நீங்களே கம்பைல் செய்வது என்றால் என்டிகே (ஆண்ட்ராய்டின் சி/சி++ கருவி) 28 தானாகவே 16 கேபியில் அலைன் செய்யும். ஆண்ட்ராய்டு கிரேடில் பிளகின் 8.5.1க்குக் கீழே வேண்டாம்.

ஏபிஐ 35க்குப் போனதும் ஆப் ஸ்கிரீன் ஓரம்வரை விரியும். கீழே இருக்கும் "பில் போடு" பட்டன் நேவிகேஷன் பாருக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். பிளட்டரில் சேஃப்ஏரியா சுற்றுங்கள்.

பழைய பிளகின்கள் பிளட்டரில் இரண்டு விதமாக பில்டை உடைக்கும். "நேம்ஸ்பேஸ் குறிப்பிடவில்லை" என்றால் அந்தப் பிளகின் கிரேடில் பிளகின் 8க்கு முந்தையது. "ரெஜிஸ்ட்ரார்" கிடைக்கவில்லை என்றால் அது வி1 எம்பெடிங்கில் எழுதியது, பிளட்டர் 3.29ல் அதை எடுத்துவிட்டார்கள். இரண்டுக்கும் மருந்து பிளகினை மாற்றுவது, அல்லது ஃபோர்க் செய்வது. பேக்கேஜ் தேர்வு செய்யும்போதே கடைசி வெளியீடு எப்போது, விண்டோஸ் அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்கியூஎஃப்லைட் என்ற டேட்டாபேஸ் பேக்கேஜ் விண்டோஸில் நேரடியாக ஓடாது, அதன் எஃப்எஃப்ஐ பதிப்பு வேண்டும். அதற்குப் பதிலாக ட்ரிஃப்ட் எடுத்தால் அந்தத் தலைவலி குறைவு.

விண்டோஸில் உங்கள் மெஷினில் ஓடும், கடையில் ஓடாது. காரணம் விஷுவல் சி++ ரன்டைம்: எம்எஸ்விசிபி140, விசிரன்டைம்140, விசிரன்டைம்140_1 என்ற மூன்று டிஎல்எல். டெவலப்பர் மெஷினில் விஷுவல் ஸ்டுடியோ இருப்பதால் தெரியாது. எக்ஸ்இ பக்கத்திலேயே வைத்து அனுப்புங்கள். டேட்டா ஃபோல்டரையும் சேர்த்து. எக்ஸ்இயை மட்டும் பென்டிரைவில் எடுத்துப் போய் நிற்பதும் நடக்கிறது.

ஐபேடுக்கு மேக் கட்டாயம். வாங்க வேண்டாம் என்றால் கோட்மேஜிக் போல கிளவுடில் பில்ட் செய்யலாம்; சர்டிஃபிகேட்டில் சிக்கல் வரும் நாளில் ஒரு மேக் மினி இருந்தால் தேவலை என்று தோன்றும். ஆப்பிளுக்கு வருடம் 99 டாலர், கூகுளுக்கு ஒரே முறை 25 டாலர். கூகுளில் தனிநபர் கணக்கு எடுக்காதீர்கள். 13 நவம்பர் 2023க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால் 12 பேர் தொடர்ந்து 14 நாள் குளோஸ்டு டெஸ்டில் இருந்த பிறகுதான் புரொடக்‌ஷனுக்கு விண்ணப்பிக்கவே முடியும். நிறுவனக் கணக்குக்கு இது இல்லை.

#13 கல்லாப்பெட்டி

பிளட்டர் என்று முடிவு. விண்டோஸ் கவுன்ட்டர் முதலில், பிறகு ஆண்ட்ராய்டு, ஐபேட் கடைசி. வரிசைச் சாவி, நார்மலைஸ் இரண்டையும் டேட்டாபேஸ் டிசைனிலேயே சேர்த்தாயிற்று.

இரண்டு கேள்வி. ஒன்று: மொத்த வியாபாரிக்கு ஏ4 இன்வாய்ஸ் பிடிஎஃப்பும் வேண்டும். டார்ட்டின் பிடிஎஃப் பேக்கேஜில் "பொருள்" என்பது கொம்பு இடம் மாறி வருகிறது. இரண்டு: சுருள்தாள் சொன்னபடி படமாக்கி 80 மிமீயில் அனுப்பினால் சரியாக வருகிறது, 58 மிமீ பிஎல்இ பிரிண்டரில் பாதி பில் வரை வந்து அதன்பின் குப்பை எழுத்தாகக் கொட்டுகிறது.

#14 அகரமுதலி

முதல் கேள்விக்கு: அந்தப் பேக்கேஜ் இந்திய எழுத்துகளுக்கு ஷேப்பிங் செய்வதில்லை, குறி வந்த வரிசையிலேயே வைத்துவிடும். ஃபான்ட்டை மாற்றிப் பயனில்லை. தமிழ் வரும் இடங்களை மட்டும் டெக்ஸ்ட்பெயின்டரில் படமாக்கி, தொகை, தேதி, ஜிஎஸ்டி எண் எல்லாம் உண்மையான டெக்ஸ்ட்டாக விடுங்கள். முழுப் பக்கத்தையும் படமாக்கினால் 300 டிபிஐயில் 2480 × 3508 பிக்சல், ஒரு பக்கத்துக்குச் சுமார் 35 எம்பி மெமரி. ஐந்து பக்க இன்வாய்ஸில் மட்டமான போன் மூச்சு முட்டும். அதோடு ஆடிட்டர் பிடிஎஃப்பிலிருந்து எண்ணை காப்பி எடுக்கவும் முடியாது.

#15 சுருள்தாள்

இரண்டாவது: பிரிண்டரின் பஃபர் வழிகிறது. கணக்குப் பாருங்கள். 384 புள்ளி அகலம் என்றால் ஒரு வரிசைக்கு 48 பைட். 600 வரிசை பில்லுக்கு 28,800 பைட். பிஎல்இ எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) பேசி உயர்த்தாவிட்டால் ஒரு தடவைக்கு 20 பைட்தான், 1,440 முறை எழுத வேண்டும். ரெஸ்பான்ஸ் இல்லாத ரைட்டில் அடுக்கடுக்காகத் தள்ளினால் நடுவில் சில பாக்கெட் தொலையும். ஒரே படமாக அனுப்பியிருந்தால், "இன்னும் இத்தனை பைட் வரும்" என்று பிரிண்டர் எண்ணிக்கொண்டிருக்கும். தொலைந்த இடத்திலிருந்து எண்ணிக்கை இடறி, மிச்சப் படத்தையும் அடுத்த கட்டளையையும் மாற்றிப் படிக்கும். உங்களுக்கு வரும் குப்பை அதுதான்.

படத்தை 100 வரிசைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தலைப்புக் கட்டளையைத் தனியாக வையுங்கள்: 29 118 48 0 48 0 100 0. எம்டியுவை முதலில் கேட்டு உயர்த்துங்கள். ரைட்டை ரெஸ்பான்ஸோடு செய்யுங்கள். பிரிண்டர் அதை ஏற்காவிட்டால் துண்டுக்குத் துண்டு 50 மில்லிசெகண்ட் விட்டுப் பாருங்கள். குப்பை நின்றால் அதைக் குறைத்துக்கொண்டே வரலாம். வெள்ளை வரிசைகளைப் படமாக அனுப்பாமல் 27 74 கொடுத்துப் புள்ளிக் கணக்கில் தாளைத் தள்ளினால் அனுப்பும் பைட்டும் குறையும்.

ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தலைப்பில் நாலுக்கு அடுத்து வரும் 48 அகலத்தின் பைட் எண்ணிக்கை, பிக்சல் அல்ல. 80 மிமீ கோடிலிருந்து காப்பி செய்திருந்தால் அங்கே 72 இருக்கும்; அதோடு 58 மிமீக்கு அனுப்பினால் முதல் துண்டே சாய்ந்து வரும்.